நாய்க்குக் கூலிங் வெஸ்ட்: ஏலகிரி வெயிலுக்கு வாங்கலாம், சென்னைப் புழுக்கத்துக்கு வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயைக் கூட்டிக்கொண்டு மலைப் பக்கம் போகிறவர் என்றால் இந்தக் கூலிங் வெஸ்டை, அதாவது தண்ணீரில் நனைத்து நாய்க்கு மாட்டிவிடுகிற சட்டையை, வாங்கலாம். சென்னைக்குள் காலையும் மாலையும் வாக்கிங் போவதற்கு மட்டும் என்றால் வேண்டாம். கடையில் விற்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை, அட்டைப் பெட்டியிலும் எழுதியிருக்காது. ஆனால் 1,850 ரூபாய் கொடுத்து வாங்குகிறவருக்கும், அதைவிட முக்கியமாக அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடக்கப்போகிற நாய்க்கும், இதுதான் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

எங்கள் வீட்டு மணி நாட்டு நாய். 22 கிலோ, குட்டை முடி, முதுகு முழுக்கக் கறுப்பு. நாங்கள் இருப்பது திருவான்மியூர். நானும் தம்பியும் பிப்ரவரியில் மணியை ஏலகிரிக்குக் கூட்டிப்போய் மேட்டுப் பாதையில் நன்றாக ஒரு நடை நடக்கலாம் என்று திட்டம் போட்டபோது வாங்கியது இது. ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், நிழலில் நின்றால் பிப்ரவரியில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மேகமே இல்லாத வானத்தில் ஒன்பது மணிக்கு மேல் மொட்டைப் பாறையில் அடிக்கிற வெயில் வேறு ரகம். கறுப்பு முடி அந்த வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும், சற்று நேரம் நின்றாலே மணியின் முதுகு கை வைக்க முடியாதபடி சுட ஆரம்பித்துவிடும்.

அடையாறு பக்கம் ஒரு பெட் ஷாப்பில் வாங்கினோம். கடைப் பையன், "நனைச்சுப் போட்டா ஏசி மாதிரி இருக்கும் மேடம், மத்தியானமே கூட்டிட்டுப் போகலாம்" என்றான். முதல் பாதி மிகை, விற்கிறவர் அப்படித்தான் சொல்வார், போகட்டும். இரண்டாவது பாதி ஆபத்தான பேச்சு. எந்த வெஸ்டைப் போட்டாலும் நம் ஊர் மத்தியான வெயிலில் நாயை மலையேற்றக் கூடாது. அதை நம்பி யாராவது பன்னிரண்டு மணிக்குப் பாறையில் ஏறினால் என்ன ஆகும் என்ற கவலையில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, பொருளுக்கு வருகிறேன். இது மூன்று அடுக்குத் துணி. வெளியே வெளிர் சாம்பல் நிற மெஷ், நடுவில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிற பஞ்சு மாதிரியான அடுக்கு, உள்ளே உடம்பில் படுகிற பக்கம் மெல்லிய வலைத்துணி. தண்ணீரில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, நாய்க்கு மாட்டிவிட வேண்டும். கழுத்தில் வெல்க்ரோ, இரண்டு விலாப்பக்கமும் பக்கிள். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: காய்ந்த நிலையில் 210 கிராம், நனைத்துப் பிழிந்த பிறகு 760 கிராம். அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் அதில் நிற்கிறது. 22 கிலோ நாய்க்கு அந்தச் சுமை பொருட்டே இல்லை. ஆனால் அது காய்ந்தால் மறுபடி நனைக்க அதே அரை லிட்டர் நம் பையிலிருந்துதான் போக வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இது வேலை செய்கிற விதம் நம் வீட்டு மண்பானை வேலை செய்கிற விதம்தான். ஈரம் காற்றில் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பானைத் தண்ணீர் காய்ந்த காற்று வீசுகிற நாளில் ஜில்லென்று இருப்பதும், புழுக்கமான நாளில் சுமாராக இருப்பதும் நமக்குத் தெரிந்ததுதானே, வெஸ்டுக்கும் அதே கதை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணியில் இருக்கிற ஈரம் போக இடமில்லை. கணக்காகச் சொன்னால், 35 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் நிழலில் நல்ல காற்றோட்டத்தில் ஈரத்துணி ஏறக்குறைய 24 டிகிரி வரை குளிரலாம். அதே துணி 32 டிகிரியில், ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கிற இடத்தில், 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. முதலாவது, கடலை விட்டுத் தள்ளி இருக்கிற மலைப்பக்கத்துக் காய்ந்த வெயில். இரண்டாவது, கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற எங்கள் வீட்டுக் காலை நேரம்.

28 டிகிரித் துணியும் 38 டிகிரி உடம்புக்குக் குளிர்ச்சிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காற்று அசையாத இடத்தில் அந்த 28ஐக்கூட அது எட்டுவதில்லை. நாயின் உடம்புச் சூட்டை வாங்கி வெதுவெதுப்பாகி அப்படியே நின்றுவிடுகிறது. அப்புறம் அது நாயின் மேல் போர்த்திய ஈரக் கம்பளிதான்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது உடம்பைக் குளிர்விக்கப் போதாது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறதே, அதுதான் அதன் குளிர்சாதனம்: நாக்கிலும் வாயிலும் மூக்கிலும் இருக்கிற ஈரம் ஆவியாகி உடம்புச் சூடு வெளியே போகிறது. ஆக, நாயின் சொந்த ஏற்பாடும் ஆவியாதல்தான், நாம் காசு கொடுத்து வாங்குகிற வெஸ்டும் ஆவியாதல்தான். புழுக்கத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் கைவிடும். நாய்க்கு உதவி மிகவும் தேவைப்படுகிற அதே வேளையில் வெஸ்ட் படுத்துவிடுகிறது என்பதால்தான், சென்னைப் புழுக்கத்தில் இதை நம்பி நடை நேரத்தை நீட்டாதீர்கள் என்கிறேன்.

இதைப் புத்தகக் கணக்காக மட்டும் சொல்லவில்லை. ஏலகிரிக்குப் போகும் முன் எலியட்ஸ் கடற்கரைப் பக்கமும் எங்கள் மொட்டை மாடியிலும் மணிக்கு இதைப் போட்டுப் பார்த்தோம். புழுக்கமான காலையில் மாட்டிவிட்ட வெஸ்ட் இரண்டு மணி நேரம் கழித்தும் ஈரமாகவே இருந்தது. பெட்டியில் "நீண்ட நேரம் ஈரம் காக்கும்" என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் யோசித்துப் பாருங்கள், ஈரம் போகவில்லை என்றால் சூடும் போகவில்லை என்றுதான் அர்த்தம். உள்ளே கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று இருந்தது, மணியின் இரைப்பும் குறையவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை வெஸ்டுக்கும் முதுகுக்கும் நடுவில் புறங்கையை நுழைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இருக்கட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் உடனே கழற்றி விடுங்கள், நாய்க்கு அது இல்லாமல் இருப்பதே நல்லது.

ஏலகிரியில் கதையே மாறியது. நிலாவூர்ப் பக்கம் நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் காட்டிய பாதை அது, ஊர்க்காரர்கள் ஆடு மேய்க்கவும் தோட்டத்துக்குப் போகவும் நடக்கிற பாதை. கீழே பலா மரங்களின் நிழல், பாதிக்கு மேல் ஒரு மரம்கூட இல்லாத சரிவும் பாறையும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், நிழலில் இருந்தவரை வெஸ்டைப் பையிலேயே வைத்திருந்தோம். வெயில் உறைக்க ஆரம்பித்த இடத்தில் நனைத்து மாட்டினோம். மேட்டில் காற்று நன்றாக வீசியது, காய்ந்த காற்று. கொஞ்ச நேரத்திலேயே உள்பக்கம் தொட்டால் நிஜமாகவே சில்லென்று இருந்தது. மணியின் முதுகு, வெஸ்ட் மூடாத பிட்டப் பக்கம் தொட்டால் சுட்டது, வெஸ்டுக்குக் கீழே சூடே இல்லை. அவன் நடையிலும் வித்தியாசம் தெரிந்தது, நிழலைத் தேடித் தேடி ஒதுங்கவில்லை, வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். எதிரே விறகோடு வந்த ஒரு பாட்டி, "ஏம்மா, நாய்க்குச் சட்டையா?" என்று கேட்டுவிட்டு, தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் குளுகுளுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வெஸ்டைப் பற்றி நான் கேட்ட நேர்மையான கருத்து அதுதான்.

முக்கால் மணி நேரத்தில் மேல்பக்கம் காய்ந்துவிட்டது. அங்கே காய்வதுதான் நல்ல அறிகுறி. ஆனால் முழுக்கக் காய்ந்த பிறகும் போட்டிருக்கக் கூடாது, அப்போது அது வெறும் மூன்றடுக்குத் துணி, உடம்புச் சூட்டை உள்ளே அடைத்துவிடும். ஆக, மலைப்பாதையில் இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அரை லிட்டர் தண்ணீர் வேண்டும். இங்கேதான் திட்டம் தேவைப்படுகிறது.

தண்ணீர்க் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 50 மில்லி தண்ணீர் வேண்டும், 22 கிலோ மணிக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல். வெயிலில் மேடேறினால் அதைவிட நிறையக் குடிக்கும். மூன்று மணி நேர நடைக்கு நாங்கள் மணி குடிக்க மட்டும் ஒன்றரை லிட்டர், வெஸ்டுக்கு ஒரு லிட்டர், எங்கள் இருவருக்கு மூன்று லிட்டர் என்று எடுத்தோம், மொத்தம் ஐந்தரை கிலோ, தம்பி பாதி நான் பாதி. பாதையில் குட்டை இருக்கிறதே, அதில் முக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெஸ்டை வேண்டுமானால் ஓடுகிற சுத்தமான தண்ணீரில் நனைக்கலாம். தேங்கிய தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம், எலி முதலான விலங்குகளின் சிறுநீர் வழியாகக் கலப்பது, நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அந்தத் தடுப்பூசியை வருஷா வருஷம் போட வேண்டும், போகும் முன் கார்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பையில் எல்லாத் தண்ணீருக்கும் இடமில்லை என்றால் வெஸ்டுக்கான தண்ணீரைத்தான் விட வேண்டும், குடிக்கிற தண்ணீரை அல்ல. அப்படி விட்டால் வெஸ்டையும் வீட்டிலேயே வைத்துவிடலாம்.

வெஸ்டின் தையலைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். விலாப்பக்கத்துப் பட்டையின் தையல் ஏலகிரியிலேயே பிரிய ஆரம்பித்துவிட்டது. ஓட்டமாக ஓடிக் கிழியவில்லை, சும்மா நடந்ததிலேயே பிரிந்தது. ஊருக்கு வந்து தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து முப்பது ரூபாயில் இரட்டைத் தையல் போட்டேன், அதன் பிறகு உறுதியாக இருக்கிறது. 1,850 ரூபாய் பொருளுக்கு இது வந்திருக்கக் கூடாது. கடையில் காட்டினேன், தண்ணீரில் நனைத்த பொருளை மாற்றித் தர முடியாது என்றார்கள். நனைத்துப் போடுவதற்காகவே செய்த பொருளுக்கு இப்படி ஒரு நிபந்தனை எந்த விதத்தில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. வாங்கும்போதே பில்லில் மாற்றித்தரும் விதியைப் படித்துவிடுங்கள், பக்கிள் தைத்திருக்கும் இடங்களைக் கடையிலேயே இழுத்துப் பாருங்கள்.

வெல்க்ரோ இன்னொரு தொல்லை. நாட்டுப்புறப் பாதையில் இரண்டு பக்கமும் நாயுருவி. அந்த விதைகள் வெல்க்ரோவில் ஏறிவிட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கத்தான் வேண்டும், பிடுங்காவிட்டால் கழுத்துப் பக்கம் உரசிப் புண்ணாகும். வெல்க்ரோ இல்லாமல் முழுக்கப் பக்கிள் வைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஹார்னஸோடு, அதாவது நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற பட்டையோடு, இதைச் சேர்த்துப் போடுவதுதான் பலருக்கும் சந்தேகம். என் வெஸ்டில் முதுகுப் பக்கம் லீஷ் வளையம் வெளியே வர ஒரு பிளவு இருக்கிறது, அது இருந்தால்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் வெஸ்டுக்கு மேலே ஹார்னஸைக் கட்டினால் அழுத்துகிற இடமெல்லாம் காற்றுப் போகாது, குளிர்ச்சியும் போய்விடும். கீழே ஹார்னஸ், மேலே வெஸ்ட், பிளவு வழியாக வளையம். ஹார்னஸ் மெல்லிய பட்டை வகையாக இருக்கட்டும், உள்ளே பஞ்சு வைத்த தடிமனான ஹார்னஸ் வெயில் காலத்துக்கு வேண்டாம். முதுகில் கைப்பிடி இருந்தால் பாறை ஏற்றத்தில் நாயைத் தூக்கிவிட ரொம்ப உதவும். வெறும் கழுத்துப் பட்டையில் லீஷைக் கட்டி மேடேற்றாதீர்கள், இழுக்கிறபோது கழுத்து அழுந்தினால் இரைக்கிறதே கஷ்டமாகிவிடும்.

விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஈரிழைத் துண்டை நனைத்து முதுகில் போட்டு, வயிற்றுக்குக் கீழே தளர்வாக முடிந்தும் பார்த்தோம். அதே காற்றில் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, நடக்க நடக்க ஒரு பக்கமாகச் சரிகிறது, செடியில் மாட்டுகிறது. ஆனால் காயும்வரை குளிர்ச்சி என்னவோ வெஸ்ட் அளவுக்கு இருக்கிறது. ஓர் இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறும்போது துண்டு போதும், நடப்பதற்கு வெஸ்ட்தான் வசதி. நடுவில் ஐஸ் ஜெல் பை வைக்கிற வகை வெஸ்டும் விற்கிறார்கள், அது புழுக்கத்திலும் வேலை செய்யும், ஏனென்றால் அது ஆவியாதலை நம்பியில்லை. ஆனால் ஃப்ரீசர் இல்லாத பாதையில் ஐஸ் உருகியதும் வெறும் கனம்தான் மிச்சம். சென்னைக்குள் கால்நடை மருத்துவமனைக்குப் போய் வருகிற அரை மணி நேரத்துக்கு வேண்டுமானால் அது சரிப்படலாம்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. வெஸ்ட் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான். நாய்க்குச் சூடு ஏறிவிட்ட பிறகு அது மருந்தல்ல, அப்போது முதல் வேலை அதைக் கழற்றுவதுதான். நாயின் சாதாரண உடம்புச் சூடு 38லிருந்து 39.2 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் வெப்பத் தாக்கு, உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும், உயிர் போகலாம். நாக்கு அகலமாகி அடர் சிவப்பாவது, எச்சில் கெட்டியாகிக் கயிறு போலத் தொங்குவது, கூப்பிட்டால் திரும்பாதது, பின்னங்கால் தள்ளாடுவது, வாந்தி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடை முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய், வெஸ்டைக் கழற்றி, இருக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாக முடி குறைவான வயிற்றுப் பக்கமும் தொடை இடுக்கும் நனையும்படி ஊற்றி, தொப்பியாலோ அட்டையாலோ விடாமல் விசிற வேண்டும். மூக்கு வாயில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை அடைக்கும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அதிர்ச்சி வரும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய பேச்சு, பிரிட்டனின் ராயல் வெட்டனரி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் இப்போது சொல்வது முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது. மலையிலிருந்து நல்ல கால்நடை மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கும்போது இந்த வரிசை மாறினால் பிழைக்க வைக்க முடியாமல் போகலாம். கிளம்பும் முன்பே திருப்பத்தூரிலோ வாணியம்பாடியிலோ எந்த மருத்துவர் எந்த நேரம் இருப்பார் என்று கேட்டு எண்ணை எழுதி வைத்துக்கொண்டோம், நீங்களும் செய்யுங்கள்.

பக், புல்டாக், ஷிட்ஸூ மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் இந்த வெஸ்டைப் பார்த்துத் தைரியம் கொள்ள வேண்டாம். அவற்றால் சரியாக இரைக்கவே முடியாது, வெயில் மலைப்பாதை அவற்றுக்கான இடம் இல்லை. எடை கூடிப்போன லாப்ரடார், வயதான நாய், குட்டி, இவற்றுக்கும் அப்படித்தான். எத்தனையோ வீட்டு லாப்ரடார்கள் இன்று பத்து கிலோ கூடுதலாக இருக்கின்றன, முதலில் எடை, பிறகு மலை.

பாதத்தைப் பற்றியும் வெஸ்ட் வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். முதுகு குளிர்ச்சியாக இருக்கும், கீழே பாறை கொதிக்கும். புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் நாயும் நடக்கக் கூடாது. ஷூ வாங்கியும் பார்த்தோம், மணி கழற்றி எறிந்துவிட்டான், பாறையில் வழுக்கவும் செய்கிறது. எங்களுக்கு அதைவிட எளிய வழி ஒன்பதரைக்குள் கீழே இறங்கிவிடுவது.

எங்கே போகலாம் என்பதிலும் கவனம் தேவை. சரணாலயங்களுக்குள் வளர்ப்பு நாயை விடமாட்டார்கள், காப்புக்காட்டுக்குள் போக மனிதர்களுக்கே வனத்துறை அனுமதி வேண்டும். வனத்துறையின் மலையேற்றத் திட்டமாக 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு பாதைகள் காட்டுக்குள் போகிறவை, அங்கே நாயோடு போக நினைக்காதீர்கள். இது நியாயமான கட்டுப்பாடு. நம் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் மாதிரி நோய்கள் காட்டு விலங்குகளுக்குப் பரவும், மானைக் கண்டால் துரத்தாத நாயும் குறைவு. ஊர்ப் பாதைகளில், ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டு, லீஷை அவிழ்க்காமல் நடங்கள். ஆட்டு மந்தை வந்தால் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், அது அவர்கள் பிழைப்பு. குரங்கு இருக்கிற இடத்தில் தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள்.

பயணத்துக்குக் கார்தான் நடைமுறைக்குச் சரி. ரயிலில் நாயை நம்மோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் கூபேயோ கேபினோ முழுதாகக் கிடைக்க வேண்டும். சென்னையிலிருந்து ஏலகிரி ஏறக்குறைய 230 கிலோமீட்டர். இருட்டு விலகும் முன் கிளம்பினால் வேலூர் தாண்டும்வரை வெயில் தெரியாது. மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதற்கு முன் நாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடு போடாதீர்கள். போய்ச் சேர்ந்த அன்றே ஏறவும் வேண்டாம். ராத்திரி தங்கி, நன்றாகத் தூங்கி, மறுநாள் விடியலில் நடக்கட்டும். நடை முடிந்து மூச்சு அடங்கிய பிறகு மணிக்குத் தயிர் சாதம் கொடுத்தோம், தட்டை நக்கித் தீர்த்தான்.

திரும்பி வந்ததும் உண்ணி பார்க்க வேண்டும். வெஸ்ட் போட்டிருந்தால் உண்ணி ஏறாது என்று நினைக்க வேண்டாம். காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு, வாலுக்கு அடியில், எல்லா இடத்திலும் விரலால் தடவிப் பாருங்கள், வெஸ்டின் உள்மடிப்பையும் பாருங்கள், எனக்கு ஒன்று அங்கேதான் கிடைத்தது. சென்னையில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணிக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருத்துவர் சொல்கிற உண்ணி மருந்தைப் பயணத்துக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும், அடுத்த சில வாரங்களில் சோர்வோ காய்ச்சலோ பசியின்மையோ தெரிந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

துவைப்பது சுலபம். சோப்பு கொஞ்சமாகப் போட்டு நன்றாக அலசி, கொடியில் விரித்து நிழலில் காயவையுங்கள். சென்னையில் மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகிறது, அரைகுறையாக மடித்து வைத்தால் முடைநாற்றம் எடுக்கும். கடலில் நனைத்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு படிந்த துணி தோலை அறுக்கும்.

கடைசியாக அளவு. பெட்டியில் எடையை வைத்து எஸ், எம், எல் என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். நாட்டு நாய்க்கும் சிப்பிப்பாறைக்கும் நெஞ்சு ஆழம், இடுப்பு ஒல்லி. எடைப்படி மணிக்கு எம் என்றார்கள், நெஞ்சில் பக்கிள் எட்டவே இல்லை, எல் தான் சரியாக இருந்தது, இடுப்புப் பக்கம் கொஞ்சம் தொளதொளவென்று நிற்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து வால் அடிவரை முதுகு நீளம், இரண்டையும் தையல் டேப்பால் எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் நாயையும் கூட்டிப்போங்கள். மாட்டிய பிறகு இரண்டு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும், அக்குளில் உரசக் கூடாது. நிறத்தில் வெள்ளையோ வெளிர் சாம்பலோ மட்டும் எடுங்கள். அழகாக இருக்கிறது என்று கருநீலத்தை எடுத்துக் காட்டுவார்கள், வெயிலில் போடுகிற துணிக்கு அந்த நிறம் ஆகாது.